லேயரைத் தேர்ந்தெடுப்பதா, படத்தின் பகுதியைத் தேர்ந்தெடுப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கடை போர்டு, பிறந்தநாள் பேனர் என்று வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டே, கூட இருந்து தொழில் பழகுகிறவர்களுக்குப் போட்டோஷாப், கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள்களைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “நான் ஒன்றைத் தொட்டால் வேறொன்று நகர்கிறது”, “பிரஷ் ஓடவே மாட்டேன் என்கிறது”, “காப்பி எடுத்தால் காலி என்கிறது.” எல்லாமே தேர்ந்தெடுப்பதில் வரும் குழப்பம். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விசைகளை விண்டோஸ் கணக்கில் சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வரும் இடத்தில் கமாண்டையும், ஆல்ட் என்று வரும் இடத்தில் ஆப்ஷனையும் அழுத்துங்கள். எந்த மென்பொருள் என்று குறிப்பிடாத இடத்தில் போட்டோஷாப்பைச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செலக்ட் செய்வது என்றால் லேயரையா, படத்தையா?

இரண்டையும் அதே வார்த்தையால் சொல்கிறோம், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி, அவற்றின் பட்டியல்தான் லேயர் பேனல். அந்தப் பேனலில் ஒரு லேயரின் பெயரைத் தொட்டு அதை நீலமாகவோ சாம்பலாகவோ மாற்றுவது ஒரு தேர்வு. “இனி நான் செய்வதெல்லாம் இந்த லேயரில் நடக்கட்டும்” என்று அதற்குப் பொருள். படத்தின் மேல் லாசோவாலோ (கையால் சுற்றி வரையும் கருவி) மேஜிக் வாண்டாலோ (தொட்ட நிறத்தைப் பிடிக்கும் கருவி) ஒரு பகுதியைச் சுற்றி, எறும்பு ஊர்வது போலக் கோடு ஓடச் செய்வது இன்னொரு தேர்வு. “இந்த எல்லைக்குள் மட்டும் நடக்கட்டும்” என்பது அதன் பொருள்.

சுவரில் பெயர் எழுதுகிறவர்கள் தகட்டில் எழுத்தை வெட்டி வைத்திருப்பார்களே, அந்த அச்சுத் தகடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எறும்புக் கோடு அந்தத் தகடு. லேயர் என்பது சுவர். தகட்டை எந்தச் சுவரில் வைத்தாலும் அதே வடிவம்தான் விழும். அதாவது, எறும்புக் கோடு எந்த லேயருக்கும் சொந்தமில்லை. முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு வேறு லேயருக்குப் போனாலும் கோடு அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். டெலிட் அழுத்தினால் முகம் போகாது, நீங்கள் இப்போது நிற்கும் லேயரில் அந்த வடிவத்துக்கு ஓட்டை விழும்.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எதைச் செய்வதற்கு முன்னாலும் கண் ஒரு தடவை லேயர் பேனலுக்குப் போய்விட்டு வர வேண்டும். முதலில் எந்த லேயர், அப்புறம் எந்தப் பகுதி.

இந்த இரண்டும் ஏன் ஒன்றாக இல்லாமல் போயின?

போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-இல் வந்தது. அதில் லேயரே கிடையாது. ஒன்றை ஒட்டினால் அது தேர்வாக இருக்கும்வரை மிதக்கும், நகர்த்தலாம். தேர்வை விட்டுவிட்டால் அடியில் உள்ள படத்தோடு ஒட்டிப்போய்விடும், மறுபடி பிரிக்க முடியாது. 1994-இல் வந்த 3.0 பதிப்பில்தான் லேயர் வந்தது. பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் மூத்தவை, லேயர் பின்னால் வந்து சேர்ந்தது. பேனலிலேயே ஒரே நேரத்தில் பல லேயர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கு 2005-இல் வந்த சிஎஸ்2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு படத்தை இழுத்தால் வேறு ஏதோ நகர்கிறது. ஏன்?

மூவ் டூலை (வி விசை) எடுத்ததும் மேலே உள்ள ஆப்ஷன் பட்டையைப் பாருங்கள். அங்கே ‘ஆட்டோ-செலக்ட்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாவிட்டால், நீங்கள் எங்கே பிடித்து இழுத்தாலும் பேனலில் தேர்ந்தெடுத்திருக்கும் லேயர்தான் நகரும். மாப்பிள்ளை படத்தின் மேல் மவுஸை வைத்து இழுத்தாலும், பேனலில் பூ பார்டர் தேர்வாகியிருந்தால் பார்டர்தான் போகும்.

டிக் இருந்தால் நேர் எதிர். மவுஸுக்கு நேர் கீழே, மேலாக எந்த லேயரின் பிக்சல் (நிறப் புள்ளி) இருக்கிறதோ அது தானாகத் தேர்வாகி நகரும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிஎன்ஜி படத்தில் காலியாகத் தெரியும் இடத்தைத் தொட்டால் அந்தப் படம் தேர்வாகாது. அதற்கு அடியில் இருப்பது பிடிபடும். மெல்லிய எழுத்துகளைப் பிடிக்கப் போய்ப் பின்னணியைப் பிடிப்பது இதனால்தான். எழுத்தின் கோட்டின் மேலேயே மவுஸ் முனை இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தொடுங்கள்.

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘லேயர்’, ‘குரூப்’ என்று ஒரு தேர்வுப் பட்டியல் இருக்கும். அது குரூப்பில் இருந்தால், ஒரு பூவைத் தொட்டாலும் அது இருக்கும் குரூப் முழுவதும் நகரும். “ஒன்றைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து ஓடுகிறது” என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அப்படியும் சேர்ந்து ஓடினால், பேனலில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் சங்கிலிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். லிங்க் செய்த லேயர்கள் சேர்ந்தேதான் நகரும்.

அப்படியானால் ஆட்டோ-செலக்ட் எப்போதும் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. தேவைப்படும்போது மட்டும் மூவ் டூலோடு கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு தொட்டால், அந்த ஒரு தடவைக்கு ஆட்டோ-செலக்ட் வேலை செய்யும். தொட்டதும் லேயர் தேர்வாகிவிடும், விரலை எடுத்ததும் பழைய நிலை. கண்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து ஒவ்வொன்றாகத் தொட்டால் பல லேயர்கள் தேர்வாகும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பத்திரிகை வேலையில் ஆட்டோ-செலக்ட் போட்டபடியே வைத்திருந்தேன். மணமக்கள் பெயரை நகர்த்தப் போனபோது, கை பட்டு முகூர்த்த நேரம் எழுதிய வரி கொஞ்சம் கீழே இறங்கி, பூ வேலைப்பாட்டுக்குள் பாதி மறைந்துவிட்டது. திரையில் முழுப் பக்கத்தையும் சின்னதாக வைத்துப் பார்த்தபோது எனக்கே தெரியவில்லை. புரூஃப் தாளைப் பெண்ணின் தாத்தா கையில் வாங்கிப் பார்த்து, “நேரம் எங்கப்பா?” என்று கேட்டார். அச்சுக்குப் போகும் முன்பே அவர் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அந்த டிக் எடுத்தது எடுத்ததுதான்.

பத்துப் பதினைந்து லேயர் மட்டும் உள்ள எளிய போஸ்டர், எல்லாம் தனித்தனியாகப் பரந்து கிடக்கிறது என்றால் டிக் இருப்பது வேகமாகத்தான் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும் வேலைக்கு வேண்டாம்.

ஒன்றுக்கு அடியில் ஒன்றாக நாலைந்து இருக்கின்றன. அடியில் உள்ளதை எப்படிப் பிடிப்பது?

மூவ் டூலோடு அந்த இடத்தில் ரைட் க்ளிக் செய்யுங்கள். அந்தப் புள்ளியில் எந்தெந்த லேயர்கள் இருக்கின்றன என்று பெயர்ப் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் போதும். வேறு டூல் கையில் இருக்கும்போது கண்ட்ரோலோடு ரைட் க்ளிக். இந்தப் பட்டியல் எவ்வளவு உதவும் என்பது, நீங்கள் லேயர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. ‘லேயர் 14’, ‘லேயர் 14 காப்பி 2’ என்று வந்தால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

கிம்ப்பில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மவுஸின் நடு பட்டனால் தொட்டால் அந்த இடத்து லேயர் தேர்வாகும். அதே இடத்தில் மறுபடி தொட்டால் அதற்கு அடியில் உள்ளது, அப்புறம் அதற்கும் அடியில் உள்ளது என்று இறங்கிப் போகும். சில லினக்ஸ் கணினிகளில் ஆல்ட்டும் மவுஸும் சேர்ந்தால் ஜன்னலை நகர்த்தும் வேலைக்குப் போய்விடும். அந்த அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கிரிட்டாவில் வரைபவர்கள் ஆர் விசையை அழுத்திக்கொண்டு தொடலாம். கோரல்டிராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் ஆல்ட்டோடு தொட்டால், மேலே உள்ளதை விட்டுவிட்டு அடியில் உள்ள பொருள் தேர்வாகும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெரிய டெக்ஸ்சரோ மங்கலான ஒளி லேயரோ பக்கம் முழுக்கப் பரந்திருந்தால், எங்கே தொட்டாலும் அதுவேதான் மாட்டும். வேலை முடியும்வரை அதன் கண் குறியை அணைத்து வையுங்கள். மறைத்து வைத்த லேயர் மவுஸில் மாட்டாது.

பல லேயர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன வழி?

பேனலில் முதல் லேயரைத் தொட்டு, ஷிஃப்டோடு கடைசி லேயரைத் தொட்டால் இடையில் உள்ளவை எல்லாம் சேரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேண்டும் என்றால் கண்ட்ரோலோடு ஒவ்வொன்றின் பெயரையும் தொடுங்கள். பின்னணி லேயரைத் தவிர எல்லாம் வேண்டும் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

படத்தின் மேலேயே செய்ய விரும்பினால் ஆட்டோ-செலக்ட் டிக்கோடு, பக்கத்துக்கு வெளியே காலி இடத்திலிருந்து மவுஸை இழுத்து ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் தொடும் லேயர்கள் தேர்வாகும்.

கிம்ப்பில் 2.10 வரை இதைச் செய்ய வழியில்லை. சங்கிலிக் குறி போட்டுச் சேர்த்து நகர்த்த மட்டும் முடிந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், கண்ட்ரோலும் ஷிஃப்டும் வைத்துப் பல லேயர்களைத் தேர்ந்தெடுப்பது சரியாக வந்துவிட்டது. கிம்ப்பை முன்னால் முயன்று இந்தக் காரணத்தால் விட்டவர்கள் இப்போது மறுபடி திறந்து பார்க்கலாம்.

கண்ட்ரோலோடு தொட்டேன், லேயர் சேரவில்லை. எறும்புக் கோடு ஓடுகிறதே?

பெயரைத் தொடாமல் சின்னப் படத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பேனலில் ஒவ்வொரு லேயருக்கும் இடப்பக்கம் ஒரு சின்னப் படமும் வலப்பக்கம் பெயரும் இருக்கின்றன. கண்ட்ரோலோடு பெயரைத் தொட்டால் லேயர் தேர்வு. கண்ட்ரோலோடு சின்னப் படத்தைத் தொட்டால், அந்த லேயரில் உள்ளதன் வடிவம் எறும்புக் கோடாக வரும். இரண்டு தேர்வுகளும் அரை அங்குலத்துக்குள் அடுத்தடுத்து இருப்பதால் எல்லோருக்கும் இது நடக்கும். கண்ட்ரோல் டி (D) அழுத்திக் கோட்டை நீக்கிவிட்டு, பெயரின் மேல் தொடுங்கள்.

ஆனால் இந்தச் சின்னப் படத்துத் தேர்வு மிகவும் பயனுள்ளது, வேண்டுமென்றே கற்றுக்கொள்ளுங்கள். மணமகள் பெயரைத் தங்க நிறத்தில் மின்ன வைக்க வேண்டும். எழுத்து லேயரின் சின்னப் படத்தைக் கண்ட்ரோலோடு தொடுங்கள், எழுத்தின் வடிவம் முழுக்கத் தேர்வாகும். பிறகு மேலே ஒரு புது லேயர் போட்டு கிரேடியன்ட் இழுத்தால் எழுத்துக்குள் மட்டும் நிறம் விழும். கூடவே ஷிஃப்டையும் சேர்த்து இன்னொரு லேயரைத் தொட்டால் அதன் வடிவமும் சேரும், ஆல்ட் சேர்த்தால் கழியும். கிம்ப்பில் இதையே லேயர் மெனு, டிரான்ஸ்பேரன்சி, ஆல்ஃபா டு செலக்ஷன் என்று போய்ச் செய்யலாம்.

பிரஷ் ஓடவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டதா?

இல்லை. நிதானமாக ஒன்றொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு எறும்புக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால், பார்வைக்கு வெளியே ஒரு மூலையில் ஒரு சின்னத் தேர்வு கிடக்கும். அதற்கு வெளியே பிரஷ் எதையும் தீட்டாது. கண்ட்ரோல் ஹெச் அழுத்திக் கோட்டை மறைத்துவிட்டு மறந்திருந்தால் இன்னும் கஷ்டம், தேர்வு இருக்கும் ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் முதலில் கண்ட்ரோல் டி. தவறி நீக்கிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) அழுத்தி அதே தேர்வைத் திரும்ப வரவைக்கலாம்.

அது இல்லையென்றால், லேயருக்குப் பூட்டு போட்டிருக்கலாம், கண் அணைந்திருக்கலாம், அல்லது அது எழுத்து லேயராகவோ ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகவோ (மூலப் படத்தை மாறாமல் உள்ளே வைத்திருக்கும் லேயர்) இருக்கலாம். அவற்றில் நேரடியாகத் தீட்ட முடியாது, மேலே புது லேயர் போட வேண்டும். சரியான லேயரில்தான் தீட்டுகிறீர்கள், ஆனால் அதை மறைத்துக்கொண்டு மேலே இன்னொன்று இருப்பதும் உண்டு.

கிம்ப்பில் இன்னொரு காரணமும் சேரும். அங்கே ஒவ்வொரு லேயருக்கும் தனி எல்லை உண்டு, மஞ்சளும் கறுப்புமாக விட்டு விட்டுத் தெரியும் கோடு அதுதான். அந்த எல்லைக்கு வெளியே பிரஷ் ஓடாது. லேயர் மெனுவில் ‘லேயர் டு இமேஜ் சைஸ்’ கொடுத்தால் எல்லை படத்தின் அளவுக்கு விரியும்.

நிறம் தீட்டினால் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே வருகிறது, படம் மறைந்து மறைந்து போகிறது. என்ன ஆயிற்று?

நீங்கள் லேயரின் மாஸ்கில் நிற்கிறீர்கள். மாஸ்க் என்பது லேயரின் பகுதிகளை அழிக்காமல் மறைத்து வைக்கும் திரை. மாஸ்க் உள்ள லேயருக்குப் பேனலில் இரண்டு சின்னப் படங்கள் இருக்கும். எதைச் சுற்றி மெல்லிய கட்டம் தெரிகிறதோ அதில்தான் உங்கள் பிரஷ் வேலை செய்கிறது. படத்தின் சின்ன உருவத்தைத் தொட்டுவிட்டுத் தீட்டுங்கள். விசையில் செய்வதென்றால் கண்ட்ரோல் 2 படத்துக்கு, கண்ட்ரோலோடு பின்சாய்கோடு மாஸ்குக்கு.

இந்தச் சின்னக் கட்டத்தைக் கவனிக்கப் பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். பழகிவிட்டால் மாஸ்க் இல்லாமல் வேலையே செய்ய மாட்டீர்கள். அழிப்பானால் அழித்தது போனது போனதுதான், மாஸ்கில் மறைத்ததை நாளைக்கும் திரும்பக் கொண்டுவரலாம்.

வேறொருவர் செய்த பிஎஸ்டி ஃபைல் (லேயர்களோடு சேமித்த போட்டோஷாப் ஃபைல்) வந்திருக்கிறது. நூறு லேயர்கள், ஒன்றுக்கும் பெயரில்லை. எங்கே தொடங்குவது?

அவசரப்பட்டு எதையும் இழுக்காதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஏதாவது ஒரு லேயரின் கண் குறியை ஆல்ட்டோடு தொடுங்கள். அது மட்டும் தெரியும், மற்றவை மறையும். மறுபடி அப்படியே தொட்டால் எல்லாம் திரும்பும். எது என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

லேயர் பேனலின் மேல் வரிசையில் வடிகட்டும் பட்டை இருக்கிறது. சிஎஸ்6 காலத்தில், 2012-இல் வந்தது. அதில் டி (T) என்ற குறியைத் தொட்டால் எழுத்து லேயர்கள் மட்டும் பட்டியலில் நிற்கும். பேனரில் பெயர், தேதி, இடம் மாற்றுவதுதான் வேலை என்றால் இதுவே போதும், நூறு லேயர் ஏழெட்டாகச் சுருங்கிவிடும். பெயர், நிறக் குறி, எஃபெக்ட் என்றும் வடிகட்டலாம். வேலை முடிந்ததும் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்துவிட்டு “என் லேயரெல்லாம் காணோம்” என்று பதறி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பெயர் வையுங்கள். பெயரின் மேல் இரண்டு தடவை தொட்டால் மாற்றலாம், டேப் விசையை அழுத்தினால் அடுத்த லேயரின் பெயருக்குப் போகும். தமிழிலேயே ‘மாப்பிள்ளை படம்’, ‘மேல் தோரணம்’, ‘முகூர்த்தம்’ என்று வைக்கலாம். சேர்ந்தவற்றை கண்ட்ரோல் ஜி அழுத்திக் குரூப்பாக்குங்கள். பத்து நிமிடம் ஆகும். அடுத்த வருடம் அதே கோயில் கொடைக்கு அதே ஃபைலைத் திறக்கும்போது அந்தப் பத்து நிமிடம் திரும்பக் கிடைக்கும்.

மேஜிக் வாண்டால் தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிதான் வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை எழுதுவதற்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆங்கிலத்தை வைத்துச் சொல்லித்தரும் காணொளிகளில் இது அவ்வளவாக வராது. ஆங்கில எழுத்துகளில் சின்ன ஐ, ஜே போன்ற ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஒரே துண்டு. தமிழ் அப்படியில்லை. ‘கொ’ என்ற ஓர் எழுத்தில் முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். மூன்றும் தனித்தனித் துண்டுகள். ‘க்’ என்றால் உடல் ஒன்று, மேலே புள்ளி ஒன்று. ‘ஃ’ என்றால் மூன்று புள்ளிகள்.

மேஜிக் வாண்டின் ஆப்ஷன் பட்டையில் ‘கன்டிஜுவஸ்’ என்று ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால், தொட்ட இடத்தோடு ஒட்டியிருக்கும் ஒரே மாதிரி நிறம் மட்டும் தேர்வாகும். ‘க்’ என்பதன் உடலைத் தொட்டால் உடல் வரும், புள்ளி வராது. அதை வெட்டி வேறு இடத்தில் வைத்தால் புள்ளி பழைய இடத்திலேயே கிடக்கும், ‘க்’ போய் ‘க’ ஆகிவிடும். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடுமே, இதை அச்சுக்குப் போகும் முன் பிடித்தாக வேண்டும்.

வழி எளிது. அந்த டிக்கை எடுத்துவிட்டுத் தொடுங்கள். படம் முழுக்க அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ எல்லாம் தேர்வாகும். அதே நிறம் வேறு இடத்திலும் இருந்தால், முதலில் செவ்வகத் தேர்வால் எழுத்து வரியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு, ஷிஃப்டையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு வாண்டால் தொடுங்கள். கட்டத்துக்குள் இருப்பது மட்டும் மிஞ்சும். கிம்ப்பில் ‘செலக்ட் பை கலர்’ கருவி (ஷிஃப்ட் ஓ) இதே வேலையைச் செய்யும், ஒட்டியிருக்க வேண்டும் என்று அது பார்ப்பதில்லை.

‘டாலரன்ஸ்’ எண்ணையும் பாருங்கள். போட்டோஷாப்பில் அது 32-இல் தொடங்கும், 0 முதல் 255 வரை வைக்கலாம். எண் கூடினால் நிறத்தில் கொஞ்சம் மாறுபட்டவையும் சேரும். நிறம் மாற்றிய பிறகும் எழுத்தின் ஓரத்தில் அதன் பழைய நிறம் ஒரு கோடாக மிஞ்சினால் எண்ணைக் கூட்டிப் பாருங்கள். மற்றபடி, எழுத்து இன்னும் எழுத்து லேயராகவே இருந்தால் வாண்டே வேண்டாம். சின்னப் படத்தைக் கண்ட்ரோலோடு தொடுங்கள், புள்ளி, கொம்பு, கால் எதுவும் விடுபடாமல் வரும்.

ஆளை மட்டும் தனியே எடுக்க எது சிறந்தது?

‘செலக்ட் சப்ஜெக்ட்’ 2018-இல் வந்தது, ‘ஆப்ஜெக்ட் செலக்ஷன்’ டூல் 2019 நவம்பரில் வந்த 2020 பதிப்பில் சேர்ந்தது. பழைய நாளில் பென் டூலால் அரை மணி நேரம் சுற்றியதை இவை சில நொடிகளில் செய்கின்றன. தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் வந்த தேர்வை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நம் ஊர்க் கல்யாணப் படங்களில் அவை தடுமாறும் இடங்கள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். மணமகள் தலையில் மல்லிகைச் சரம், பின்னால் வெள்ளைத் துணி: பூவின் ஓரம் கரைந்துவிடும். ஜிமிக்கிக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அடைபட்டுவிடும். இடுப்பில் கை வைத்து நிற்பவரின் கைக்குள் பின்னணி ஒட்டிக்கொண்டு வரும். பட்டு வேட்டியின் கரை பளபளப்பில் அறுந்துபோகும். இந்த நாலு இடங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, குவிக் செலக்ஷனாலோ லாசோவாலோ ஷிஃப்ட் அழுத்திச் சேர்க்கவும் ஆல்ட் அழுத்திக் கழிக்கவும் செய்யுங்கள். கிம்ப்பில் கழிப்பதற்குக் கண்ட்ரோல்.

முடிக்கு ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ உள்ளே போய், ரீஃபைன் எட்ஜ் பிரஷால் முடியின் ஓரத்தை மட்டும் தடவுங்கள். முகத்தின் ஓரத்தில் அதைத் தடவக் கூடாது, கன்னம் அரித்தது போல ஆகிவிடும். எல்லாம் முடிந்ததும் வெட்டி எடுக்காமல், வெளியீட்டை லேயர் மாஸ்காக வாங்குங்கள்.

“தேர்ந்தெடுத்த பகுதி காலியாக இருக்கிறது” என்று செய்தி வருகிறது. படம் கண்ணெதிரே இருக்கிறதே?

படம் இருக்கிறது, நீங்கள் நிற்கும் லேயரில் இல்லை. அச்சுத் தகடு சரியான இடத்தில் இருக்கிறது, சுவர்தான் தவறு. சரியான லேயரைத் தொட்டுவிட்டு மறுபடி காப்பி எடுங்கள். எல்லா லேயரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிறபடியே வேண்டும் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி. கிம்ப்பிலும் அதே விசைதான்.

வாண்டும் குவிக் செலக்ஷனும் ஒரு லேயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முயன்றாலும் இப்படி விநோதமாக நடக்கும். ஆப்ஷன் பட்டையில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ டிக் போடுங்கள். கிம்ப்பில் ‘சாம்பிள் மெர்ஜ்டு’.

பாதிக்கு மேல் எந்தப் பிக்சலும் தேர்வாகவில்லை என்று எச்சரிக்கை வருவது எதனால்?

ஃபெதர் (தேர்வின் ஓரத்தை மங்கலாக்கும் அளவு) எண்ணைப் பெரிதாக வைத்துவிட்டுச் சின்ன இடத்தைச் சுற்றியிருப்பீர்கள். தேர்வு இருக்கிறது, ஆனால் மிக மங்கலாக. எறும்புக் கோடு 50 சதவீதத்துக்கு மேல் தேர்வான இடத்துக்குத்தான் தெரியும். லாசோ எடுக்கும்போதெல்லாம் ஃபெதர் கட்டத்தில் 0 இருக்கிறதா என்று பாருங்கள்.

கோரல்டிராவிலிருந்து போட்டோஷாப்புக்கு வந்தேன். லேயர் கணக்கே புரியவில்லை.

இது நம் அச்சகங்களில் நிறையப் பேருக்கு வரும் சிரமம். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மூன்றும் வெக்டர் மென்பொருள்கள். அங்கே நீங்கள் தொடுவது பொருளை. ஒரு வட்டம், ஒரு எழுத்து வரி, ஒரு கோடு, ஒவ்வொன்றும் தனிப் பொருள். ஒரு லேயருக்குள் ஐம்பது பொருள்கள் இருக்கலாம், இருந்தும் ஒவ்வொன்றையும் தனியே பிடிக்கலாம். போட்டோஷாப்பில் ஒரு சாதாரண லேயரில் ஐம்பது பூக்களைத் தீட்டினால், அந்த ஐம்பதும் சேர்ந்து ஒன்றுதான். எந்தப் பூ எது என்று அதற்குத் தெரியாது. அதனால் அங்கே தனிப் பொருளாக இருந்ததை இங்கே தனி லேயராக வையுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போயிருந்தால், ஒரு பூவைச் சுற்றித் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஜே அழுத்துங்கள், அதன் நகல் தனி லேயராக மேலே வரும்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு: கோரலிலும் இங்க்ஸ்கேப்பிலும் குரூப்புக்குள் உள்ள ஒன்றை மட்டும் பிடிக்க கண்ட்ரோலோடு தொடுங்கள். டேப் விசை ஒவ்வொரு பொருளாகத் தாவும். பூட்டிய பொருள் மவுஸால் இழுத்தாலும் நகராது, பின்னணிச் சட்டத்தைப் பூட்டிவிட்டு வேலை செய்வது நிம்மதி.

எழுத்தைத் தொட்டால் புதிய காலி எழுத்து லேயர் உருவாகிக்கொண்டே இருக்கிறது.

டைப் டூலோடு எழுத்துக்குச் சற்றுத் தள்ளித் தொடுகிறீர்கள். பேனலில் டி (T) என்று காட்டும் சின்னப் படத்தை இரண்டு தடவை தொடுங்கள், அந்த லேயரின் எழுத்து முழுக்கத் தேர்வாகும். பல எழுத்து லேயர்களுக்கு ஒரே ஃபான்ட் வேண்டும் என்றால், அவற்றைப் பேனலில் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே ஃபான்ட் பெயரை மாற்றினால் போதும்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் செய்த ஃபைல் வந்தால் கவனம் தேவை. அந்த ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லாமல் வேறொன்று அதன் இடத்தில் வந்தால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். அந்த லேயரை அப்படியே விட்டுவிட்டு, ஃபான்ட்டை வாங்கிப் போடுங்கள் அல்லது யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். நீங்கள் ஃபைல் அனுப்பும்போதும், எழுத்தை ஷேப்பாக மாற்றிய நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு நல்லது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். லேயரைக் காணோமே?

அது ஜேபெக். ஜேபெக்கில் லேயர் இருக்காது, எல்லாம் ஒரே தாளாக ஒட்டிப்போய்த்தான் வரும். முதலில் கேட்டுப் பாருங்கள், “இதைச் செய்தவரிடம் பிஎஸ்டி கிடைக்குமா?” என்று. தயங்காமல் கேளுங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால், பழைய பெயரைச் சுற்றி லாசோவால் கொஞ்சம் இடம் விட்டுத் தேர்ந்தெடுத்து, கன்டென்ட்-அவேர் ஃபில் (சுற்றியுள்ள படத்தைப் பார்த்து அந்த இடத்தை நிரப்புவது) கொடுங்கள். பின்னணி ஒரே நிறமாகவோ மெல்லிய வடிவமாகவோ இருந்தால் நன்றாகவே நிரப்பும். கோலமோ கட்டமோ இருந்தால் கோடு விலகும், பக்கத்து இடத்தை நகல் எடுத்து ஒட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு புதுப் பெயரை எழுத்து லேயராக மேலே தட்டச்சு செய்து, பிஎஸ்டியாகவும் சேமித்து வையுங்கள்.

அரை மணி நேரம் செலவழித்துச் செய்த தேர்வை நாளைக்கும் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். செலக்ட் மெனுவில் ‘சேவ் செலக்ஷன்’ கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அது சேனலாக ஃபைலுக்குள் தங்கிவிடும், ‘லோடு செலக்ஷன்’ கொடுத்தால் திரும்ப வரும். கிம்ப்பில் ‘சேவ் டு சேனல்’. ஃபைல் பிஎஸ்டியாகவோ, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். ஜேபெக்காகச் சேமித்தால் லேயரோடு இதுவும் போய்விடும். பெயர் வைக்கும்போது எந்த லேயருக்காக எடுத்த தேர்வு என்றும் சேர்த்து எழுதுங்கள், ‘மணமகள் முடி, மாப்பிள்ளை படத்துக்குக் கீழ் லேயர்’ என்பது போல. நாளை திறக்கும்போது கோடு எங்கே என்று ஃபைல் சொல்லிவிடும், எந்த லேயர் என்று அந்தப் பெயர்தான் சொல்ல வேண்டும்.